கடல் சுற்றட்டும்

அக்டோபர் பிறந்ததும் காற்று நின்றது. கோடை முழுக்க வடக்கிலிருந்து அடித்து, கொடியில் காய்ந்த துணிகளைக் கடலுக்குள் தூக்கிப்போட்ட காற்று. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் இல்லை. குடா அசையாமல் கிடந்தது. மலைமேல் ஆட்டு மணிகளும், எதிர்க்கரையில் யாரோ ஆணி அடிக்கும் சத்தமும் காதருகில் கேட்டன.

ஊருக்கு அது நல்ல வாரம். ஒலிவ மரங்களுக்கு அடியில் காய் விழ வலை விரித்தார்கள். என் மாமனார் நோமிகோஸ் தன் மீன்பிடிப் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வெயில் இருந்தது, சூடு இல்லை. இந்தத் தீவுக்காரர்கள் இதைச் சின்னக் கோடை என்பார்கள்.

எனக்கு மட்டும் காற்று வேண்டியிருந்தது.

என் படகின் ஃப்ரீசரில் ஒரு தகர டப்பா இருந்தது. பாலாடைக்கட்டி வந்த பழைய டப்பா. அதற்குள் என் மனைவி செவஸ்தி அரிசி வைத்துச் சுருட்டிய திராட்சை இலைகள். ஆகஸ்ட் கடைசியில் சமைத்தாள். செப்டம்பர் முதல் வாரத்தில் இறந்தாள். ஃப்ரீசர் ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குப் படகின் அடித்தண்டு சுற்ற வேண்டும். தண்டு சுற்றப் படகு ஓட வேண்டும். படகுக்குக் காற்று வேண்டும்.

அவ்வளவுதான்.

தினமும் விடிந்ததும் நங்கூரத்தை எடுத்தேன். குடாவின் முனை தாண்டினால் ஏதாவது மூச்சு இருக்கும் என்று துடுப்பால் தள்ளிக்கொண்டு போனேன். சில நாள் இருந்தது. பாய் நிறைந்து, படகு நகர்ந்து, தண்டின் நுனியில் தண்ணீருக்குள் இருக்கும் விசிறி சோம்பலாகத் திரும்பத் தொடங்கும். கேபின் தரைப்பலகைக்கு அடியிலிருந்து தண்டு சுற்றும் சத்தம் வரும். அது வந்ததும் தோள் இறங்கும். மாலையில் திரும்பி வருவேன்.

செவஸ்தியின் அம்மா, தெமெலினா அத்தை, துறையில் நின்றிருப்பாள். கறுப்புப் பாவாடை, கறுப்புச் சட்டை, தலையில் கறுப்புத் துண்டு. கையில் மூடிய தட்டு.

"சாப்பிட்டீங்களா தம்பி?"

"சாப்பிட்டேன் அத்தை."

"என்ன சாப்பிட்டீங்க?"

நான் யோசிப்பேன்.

"யோசிக்கிறப்பவே தெரியுது. இந்தாங்க, பயறு. பார்லி ரொட்டியை நனைச்சுக்கிட்டுச் சாப்பிடுங்க. அது காஞ்சு கல்லா கிடக்கு, பல்லு போயிடும்."

ஒரு நாள் அவள் தட்டைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. படகு கட்டும் கல்லில் உட்கார்ந்தாள்.

"அந்த இலை இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"நம்ம வீட்டு ஃப்ரீசர்ல கொண்டாந்து வைங்களேன். உங்க மாமா ஒரு ஆட்டுத்தலைய ஈஸ்டர்லேருந்து உள்ள வச்சிருக்காரு. எதுக்குன்னு அவருக்கே தெரியாது. அதைத் தூக்கிப் போட்டுட்டு இடம் பண்ணித் தர்றேன்."

"வேணாம் அத்தை."

"ஏன்?"

ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டு ஃப்ரீசர் சுவரில் செருகினால் ஓடும். யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதுதான் காரணம் என்று தோன்றியது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"படகிலேயே இருக்கட்டும்" என்றேன்.

"சரி. நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நாப்பதாம் நாள் வருது. கோதுமை அவிப்பேன், மாதுளை வாங்கியாச்சு, பாதிரியார்கிட்டச் சொல்லியாச்சு. கோயில் முடிஞ்சு வீட்டுக்கு வந்து நாம மூணு பேரும் அந்த இலையைச் சாப்பிடுவோம். அவ பேரச் சொல்லி."

"இல்லை."

"நானும் அவளைப் பெத்தவதான் தம்பி."

"தெரியும் அத்தை."

"என் கொடியில பறிச்ச இலை அது. உப்புத்தண்ணியில ஊறப்போட்டு நான்தான் குடுத்தனுப்பினேன். எனக்கு ஒண்ணு கூடக் கிடையாதா?"

நான் தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பயறு ஆறிடும்" என்று சொல்லிவிட்டு மேடேறிப் போனாள்.

*

என் ஊர் லாரிஸா. சமவெளி. அங்கே கோதுமையும் பருத்தியும்தான். மின்பொறியியல் படித்துவிட்டு, இந்தத் தீவின் மின்நிலையத்துக்கு ஒரு வேலையாக வந்தேன். செவஸ்தியைப் பார்த்தேன். திரும்பிப் போகவில்லை. பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி இருவரும் அதிலேயே குடியிருந்தோம். கோடையில் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போவோம். அவள் சுக்கான் பிடிப்பாள், சமைப்பாள், அவர்களைக் கேலி செய்வாள். என்னையும்.

"சமவெளிக்காரா, அது கயிறு. டிராக்டர் இல்ல. மெதுவா இழு."

போன குளிர்காலத்தில் என்ஜின் இறுகிப்போனது. உப்புத்தண்ணீர் உள்ளே போய்விட்டது. என்ஜின் இல்லையென்றால் பேட்டரி ஏறாது. பேட்டரி இல்லையென்றால் ஃப்ரீசர் இல்லை, பனிக்கட்டி இல்லை, மீன் வைக்க இடம் இல்லை. கூரையில் இருந்த சூரியத்தகடு விளக்குக்கும் ரேடியோவுக்கும்தான் காணும். நான் செத்த என்ஜினின் முன்னால் குந்தியிருந்தேன். அவள் எனக்குப் பின்னால் படியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தண்ட யாரு சுத்துறா?"

"என்ஜின்."

"அது சுத்தி விசிறிய சுத்துது. விசிறி தண்ணியத் தள்ளுது."

"ஆமா."

"என்ஜின் சுத்தலன்னா கடல் சுத்தட்டும். நாம பாய் விரிச்சுப் போறப்ப தண்ணிதான் விசிறிய சுத்துதே. சும்மாதானே சுத்துது. அதுகிட்ட வேலை வாங்கு."

இதை முன்பே பலர் செய்திருக்கிறார்கள் என்று சொன்னேன். "அவங்க பண்ணா என்ன, நாம பண்ணக்கூடாதா?" என்று ஒரு சுளையை என் வாயில் திணித்தாள்.

தண்டை என்ஜினிலிருந்து கழற்றிவிட்டோம். மரத்தில் பெரிய கப்பி ஒன்று செய்து, இரண்டு பாதியாக அறுத்து, தண்டின் மேல் வைத்துப் போல்ட் போட்டோம். மூடிப்போன உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து ஒரு ட்ரெட்மில் கிடைத்தது. அதன் மோட்டாரைக் கழற்றிச் சின்னக் கப்பி மாட்டிப் பெல்ட்டால் இணைத்தேன். மோட்டாரை வெளியிலிருந்து சுற்றினால் அது மின்சாரம் தரும். முதல் நாள் முனையைத் தாண்டியதும் காற்று பிடித்தது. தரைக்கு அடியில் உர்ர்ர் என்று ஒரு சத்தம். ஃப்ரீசரின் சின்ன விளக்கு பச்சையானது.

செவஸ்தி தரையில் காதை வைத்துப் படுத்தாள்.

"பூனை" என்றாள். "படகுக்கு அடியில பூனை படுத்திருக்கு."

மாமாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது. அவர் காலமெல்லாம் பாய் விரித்ததும் தண்டை நிறுத்துகிறவர். அதற்கென்று ஒரு மர ஆப்பு எப்போதும் அவர் கால்சட்டைப் பையில் இருக்கும்.

"சுத்த விட்டா பேரிங் தேயும், தண்ணி கசியும். படகும் மெதுவாகும். குடைய விரிச்சுக்கிட்டுத் தண்ணிக்குள்ள நடக்கிற மாதிரி."

"நிறுத்தின விசிறிதான் படகை அதிகமா பின்னுக்கு இழுக்கும் மாமா."

"எந்தக் காலேஜ்ல சொன்னாங்க?"

"லாரிஸாவில இருந்து கடல் தெரியுமாப்பா?" என்பாள் செவஸ்தி, அவர் பக்கம் சேர்ந்துகொண்டு.

"மலைமேல ஏறி நின்னாத் தெரியும்" என்பேன்.

வசந்தத்தில் அவளுக்கு வயிற்றில் வலி வந்தது. ஏதென்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்றாம் முறை போனபோது, இனி வர வேண்டாம் என்று நல்ல வார்த்தையில் சொன்னார்கள். படகில்தான் இருப்பேன் என்றாள். இருந்தாள். காற்று இருந்த நாளெல்லாம் ஓட்டினேன். பூனைச் சத்தம் கேட்டால் தூங்குவாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் இலை சுருட்டப்போகிறேன் என்றாள். இறைச்சி வாடை அவளுக்கு ஆகாமல் போயிருந்தது. அரிசி, வெங்காயம், புதினா மட்டும். உட்கார்ந்தபடியே சுருட்டினாள். என்னை மேலே போகச் சொன்னாள்.

"உதவி பண்றேன்."

"நீ சுருட்டினா அது சுருட்டு. போ, கயிறைப் பாரு."

மேலே கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே அவள் தனியாகச் சிரிப்பது கேட்டது. என்ன என்று குனிந்து கேட்டேன். "உனக்கெதுக்கு?" என்றாள். வெந்ததும் எடுத்து டப்பாவில் அடுக்கி, ஆறவைத்து, மூடியைத் தட்டி இறுக்கினாள். ஒன்றுகூட அப்போது தரவில்லை.

"பின்னாடி" என்றாள். "இதைத் தனியா மட்டும் தின்னுடாத."

நான் தின்னவில்லை.

*

செவஸ்தியின் பிறந்த வீட்டு இலையில் ஒரு விளையாட்டு உண்டு. பானைக்கு ஒரே ஒரு சுருளில் மட்டும் காய்ந்த சிவப்பு மிளகாயை முழுசாக மறைத்து வைப்பார்கள். யார் வாயில் அது அகப்படுகிறதோ அவர் பாத்திரம் கழுவ வேண்டும். நான் பெண் கேட்டு வந்த அன்று அது எனக்குத்தான் வந்தது. சொன்னால் மரியாதையாக இருக்காது என்று விழுங்கிவிட்டு, மாமாவிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். செவஸ்தி என்னைப் பார்த்தாள்.

"காதைப் பாருங்க! காது செவந்திடுச்சு! இவருக்குத்தான்!"

அன்று எல்லாப் பாத்திரமும் நான்தான் கழுவினேன். தெமெலினா அத்தை பின்னால் நின்று, அடியில் எண்ணெய் போகவில்லை என்று இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தாள்.

*

நாற்பதாம் நாளுக்கு முந்தைய வாரம் காற்று சுத்தமாக இல்லை. துடுப்பு போட்டு முனை தாண்டி, நாளெல்லாம் அங்கே மிதந்துவிட்டு, துடுப்பு போட்டே திரும்பினேன். விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளானது. ஃப்ரீசரை நாளின் பாதி நேரம் அணைத்து வைத்தேன். மேலே கம்பளி போர்த்தினேன். துறைக்கடையில் பனிக்கட்டி கேட்டேன். கோடை முடிந்து இயந்திரத்தை அணைத்துவிட்டதாகச் சொன்னார்கள். படுத்தால் தூக்கம் வரவில்லை. கீழே சத்தம் இல்லாமல் எனக்குத் தூங்கத் தெரியவில்லை என்று அப்போது தெரிந்தது.

நாற்பதாம் நாளுக்கு முந்தைய நாள் விடியலில் பாய்மரக் கயிறு கம்பத்தில் தட்டும் சத்தம். எழுந்தேன். தெற்குக் காற்று. ஈரமாக, கனமாக வந்தது. ஃப்ரீசர் விளக்கைப் பார்த்தேன். சிவப்பு. திறந்து தொட்டேன். டப்பாவின் வெளிப்புறம் வியர்த்திருந்தது. உள்ளே இன்னும் கட்டியாகத்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்க ஓட்டினால் மீண்டுவிடும்.

நங்கூரத்தை இழுக்கும்போது மாமா துறையிலிருந்து கத்தினார்.

"நானும் வரேன்!"

"வேணாம் மாமா. வீட்டில வேலை இருக்கும்."

"வீட்டில கோதுமை அவிக்கிறாங்க. நான் போய்க் கோதுமைக்கு வழி சொல்லவா? பக்கத்துல கொண்டா."

ஏறியதும் என் முகத்தைப் பார்த்தார்.

"உன் கண்ணு பழைய மீன் கண்ணு மாதிரி இருக்கு. இந்தக் கண்ணோட தனியாப் போனா பாறையில சொருகிடுவ. தள்ளு, சுக்கானைக் குடு."

முனை தாண்டியதும் பாய் முழுசாக நிறைந்தது. படகு சாய்ந்தது. தரைக்கு அடியில் உர்ர்ர் என்று தொடங்கியது.

"ஆரம்பிச்சிடுச்சு உன் பூனை" என்றார்.

"எவ்வளவு நேரம் ஓட்டலாம் மாமா?"

"காத்து சாயந்திரம் வரைக்கும் அடிக்கும். நேரா மேக்கே போயி திரும்புவோம். போ, படு."

"தூக்கம் வராது."

"வர வேணாம். சும்மா படு. கண்ணை மூடிக்கிட்டுக் கிட."

கீழே போய்ப் படுத்தேன். செவஸ்தி படுக்கும் பக்கம். காது பலகையில் படிந்திருந்தது. பூனை உறுமிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் நினைவு.

விழித்தபோது வெயில் எதிர்ப் பக்கத்து ஜன்னலில் இருந்தது. படகு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் தண்ணீர் சலசலத்தது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

தரைப்பலகையைத் தூக்கினேன். பெரிய கப்பிக்கும் படகின் விலாக்கட்டைக்கும் நடுவில் மாமாவின் ஆப்பு. கப்பி அசையவில்லை. பெல்ட்டைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. ஃப்ரீசர் விளக்கு சிவப்புகூட இல்லை. பேட்டரி போதாதென்று அது தானாகவே அணைந்திருந்தது.

மேலே போனேன். மாமா சுக்கானைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார்.

"எப்ப வச்சீங்க?"

"நீ தூங்கினதும்."

"ஏன்?"

"கை தானா வச்சிடுச்சு. பாய் விரிச்சா இந்தக் கை அதைத்தான் செய்யும்." சுக்கானைச் சற்றுத் திருப்பினார். "இல்ல. பொய். அந்த இரைச்சல்ல நீ எப்படித் தூங்குவன்னு நெனச்சேன். படகைக் காத்துக்கு மொகம் காட்டி நிறுத்திட்டு, கீழ எறங்கி வச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்திடலாம்னுதான்."

"எடுக்கலையே."

"எடுக்க வந்தேன். ரெண்டு தரம் வந்தேன். வாயைத் தெறந்துக்கிட்டுத் தூங்கிட்டிருந்த. ஆப்ப எடுத்தா அது கத்தும், நீ முழிச்சிடுவ. பேட்டரியில கொஞ்சம் இருக்கும்னு நெனச்சேன், மாப்ள. எனக்கு அந்த விளக்கெல்லாம் தெரியாது."

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கீழே போய் ஃப்ரீசரைத் திறந்தேன். டப்பாவின் மூடியை எடுத்தேன். உறைபனி போய்விட்டது. அடியில் எலுமிச்சை மணத்தோடு தண்ணீர் நின்றது. விரலால் அழுத்தினேன். மேல் அடுக்கு அமுங்கியது. நடுவில் மட்டும் கொஞ்சம் கட்டி.

டப்பாவோடு மேலே வந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் ஒருமுறை அதைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

"அவ பொறந்தப்பவும் தெக்குக் காத்துதான்" என்றார். "டாக்டரைக் கூட்டிட்டு வர பெரிய துறைக்குப் போனேன். திரும்புறதுக்குள்ள பொறந்துட்டா. எப்பவும் நான் வர்றதுக்குள்ள முடிஞ்சிடுது."

காற்று குறையத் தொடங்கியிருந்தது. குடாவுக்குள் நுழையும்போது ஒன்றுமில்லை. துடுப்பைப் போட்டுத் துறைக்கு வந்தோம்.

*

அத்தையின் சமையலறை முழுக்க கோதுமை வாசனை. அவித்த கோதுமையை மேசை நிறைய வெள்ளைத் துணியில் பரப்பி உலர்த்தியிருந்தாள். பக்கத்தில் உரித்த மாதுளை, தோல் நீக்கிய பாதாம், சலித்த சர்க்கரை. காலையில் எல்லாவற்றையும் கலந்து, தட்டில் குவித்து, மேலே செவஸ்தியின் பெயரின் முதல் எழுத்தைப் பாதாமால் பதிப்பாள்.

நான் டப்பாவைத் துணியின் ஓரத்தில் வைத்தேன். அத்தை மூடியைத் திறந்தாள். குனிந்து முகர்ந்தாள்.

"என்னாச்சு?"

"நான்தான்" என்றார் மாமா. "தண்ட நிறுத்திட்டேன்."

"ஏன்?"

"பையன் தூங்கட்டும்னு."

அவள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"தூங்கினீங்களா தம்பி?"

"தூங்கினேன் அத்தை."

"எவ்வளவு நேரம்?"

"பகல் பூரா தூங்கினான்" என்றார் மாமா.

அவள் தலையை ஆட்டினாள். டப்பாவை எடுத்து அடுப்புப் பக்கம் வைத்தாள். "இது சோறு. ஒருதரம் இளகினா திரும்பி உறையவச்சுப் பிரயோஜனம் இல்ல, கூழாயிடும். இன்னிக்கே சாப்பிடணும். இல்லன்னா கோழிக்குத்தான்." கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. நான் தொட மாட்டேன். நீங்க சொன்னா சூடு பண்றேன்."

ஜன்னலுக்கு வெளியே படகு தெரிந்தது. பாய் சுருட்டாமல் தொங்கியது.

"தனியா திங்கக்கூடாதுன்னு சொன்னா" என்றேன்.

"யாரு?"

"செவஸ்தி. மூடும்போது."

அத்தை அடுப்பை மூட்டினாள். அகலச் சட்டியை எடுத்தாள். இலைகளை ஒவ்வொன்றாக, உடையாமல், வட்டமாக அடுக்கினாள். கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் தண்ணீர். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தாள். மேசை முழுக்கக் கோதுமை இருந்ததால் சட்டியை ஒரு முக்காலியில் வைத்து, சுற்றி மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மாமா சிலுவையிட்டுக்கொண்டார். "கடவுள் அவளை மன்னிப்பாராக" என்று, இறந்தவர்களுக்குச் சொல்வதைச் சொன்னாள் அத்தை. எலுமிச்சையைப் பிழிந்தாள்.

நான் ஒன்றை எடுத்தேன். சின்னது. ஓரம் சரியாக மடிக்கப்படவில்லை. அவள் விரல்களில் அப்போது வலு இல்லை. முழுசாக வாயில் போட்டேன்.

புதினா. எலுமிச்சை. அப்புறம் மிளகாய்.

நாக்கில் தொடங்கித் தொண்டை வரை எரிந்தது. சொல்லவில்லை. இவர்கள் சாப்பிடட்டும் என்று விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் நின்றது. அதை இன்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நிமிர்ந்தேன். மாமாவின் காது சிவந்திருந்தது.

அவர் என் காதைப் பார்த்தார்.

"உனக்கு வந்திச்சா?"

"ஆமா."

"எனக்குல்ல வந்திருக்கு."

இருவரும் அத்தையைப் பார்த்தோம். அவள் தலைத்துண்டின் நுனியால் வாயைப் பொத்தியிருந்தாள். கன்னம் முழுக்க நனைந்திருந்தது. மெல்லத் தலையை ஆட்டினாள்.

"ஒண்ணுதானேடி வைக்கணும்" என்றாள் துணிக்குள்ளிருந்து.

மாமா முள்கரண்டியால் இன்னொன்றைப் பிரித்தார். உள்ளே சிவப்பாக ஒன்று. இன்னொன்று. அதிலும். சட்டியில் இருந்த ஒவ்வொன்றிலும், காய்ந்த மிளகாய், காம்பு கிள்ளி, ஒழுங்காக நடுவில் வைத்து, சோற்றால் மூடி.

"பிசாசு" என்றார் மாமா. "பிசாசுக் குட்டி." குரல் உடைந்தது. சிரிப்பா என்று பார்த்தேன். ஆரம்பத்தில் சிரிப்புதான்.

கேபினுக்குள் தனியாகச் சிரித்தது இதற்குத்தான். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம் என்று தெரிந்து, ஒவ்வொருவர் காதையும் நினைத்துப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். நான் அதைக் கடல் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

"தண்ணி குடிக்காதீங்க" என்றாள் அத்தை. "ரொட்டி சாப்பிடுங்க. தண்ணி குடிச்சா இன்னும் எரியும்."

அவளே இன்னொன்றை எடுத்தாள். மாமா எடுத்தார். நானும் எடுத்தேன். யாரும் மிளகாயை ஒதுக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, ரொட்டியைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டோம். சட்டி காலியானது. அடியில் ஒட்டியிருந்த ஓர் இலையை அத்தை வழித்து என் தட்டில் போட்டாள்.

"இப்ப யாரு கழுவுறது?" என்றார் மாமா.

"மூணு பேருக்கும் வந்தா மூணு பேரும்தான்" என்றாள்.

கழுவும் தொட்டிக்கு முன்னால் ஒருவர்தான் நிற்க முடியும். மாமா தட்டுகளைக் கழுவினார். அத்தை சட்டியைத் தேய்த்தாள். கடைசியில் டப்பா மிஞ்சியது. அதை யாரும் என்னிடமிருந்து வாங்க வரவில்லை.

குழாயைத் திறந்தேன். உள்ளே எண்ணெய் படிந்திருந்தது. கழுவினேன். அத்தை என் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். கையை நீட்டி வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அடியில எண்ணெய் போகல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மறுபடியும் கழுவினேன்.